தேவாங்கு செய்த மூளை

மூங்கில் காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துவந்தது. மரத்தின் மேலே ஒரு மந்தி காவல் இருந்தது. சிறுத்தை வந்தால் மந்தி கத்தும், மான்கள் ஓடும். வெறும் இலை அசைந்தாலும் கத்தும், அப்போதும் ஓட வேண்டும். வாய்க்குப் போன புல்லை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் ஓடுவது? மான் தலைவனுக்கு அலுத்துப்போயிற்று.

அந்தச் சமயத்தில், நகரத்து ஆய்வுக்கூடத்தின் கூண்டிலிருந்து தப்பிய தேவாங்கு ஒன்று காட்டுக்கு வந்தது. வரும்போதே ஆய்வுக்கூடத்துக் குப்பையில் கிடந்த மின் துண்டுகளையும் கம்பிகளையும் அள்ளிவந்து ஒரு பெட்டி செய்தது.

“இது வெறும் பெட்டி இல்லீங்க, மூளை. மூளைக்குள்ள நரம்பணுன்னு கோடிக்கணக்குல இருக்கு. பயன்படுற சேதிக்கு அதுங்க வழியை அகலமாக்கும். பயன்படாத சேதிக்கு வழி தூர்ந்துபோகும். இந்தத் துண்டுகளும் அப்படித்தான். சிறுத்தை வாடை வந்தா அலறும். சரியா அலறினா காலைத் தட்டுங்க. வீணா அலறினா சும்மா இருங்க. தானே புரிஞ்சுக்கும்” என்றது தேவாங்கு.

“இனிமே நீ ஓய்வெடுக்கலாம்” என்று தலைவன் மந்தியிடம் சொன்னது. மந்தி ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டது.

அன்றே சிறுத்தை பாய வந்தது. பெட்டி அலறியது, எல்லா மான்களும் தப்பின. காலைத் தட்டோ தட்டென்று தட்டின. தேவாங்குக்கு ஒரே மரியாதை.

புதருக்குள் சிறுத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து வேறெங்கோ வயிற்றை நிரப்பிக்கொண்டு, மான்களுக்குப் பக்கத்தில் சும்மா உலாவிவிட்டுப் போயிற்று. பெட்டி அலறும், மான்கள் ஓடும், திரும்பி வந்து பார்த்தால் ஒரு குட்டிகூடக் குறைந்திருக்காது. யாரும் காலைத் தட்டவில்லை. நாளாக ஆக அலறல் முனகலானது. பிறகு முனகலும் நின்றது.

“இப்பத்தான் நிம்மதியா மேய முடியுது” என்றது தலைவன்.

ஒரு மாலை, அக்கரையிலிருந்து மந்தி கத்தியது. தாய்மான் ஒன்று தலை தூக்கியது. அதன் குட்டி பக்கத்துப் புல்லில் படுத்திருந்தது.

“மந்தி கத்துதே. ஓடலாமா?”

“அது எதுக்குத்தான் கத்தலை? பெட்டியைப் பாரு, சும்மாத்தானே இருக்கு” என்றது தலைவன்.

தாய்மான் பெட்டியைப் பார்த்தது. சத்தமே இல்லை. மறுபடி குனிந்து மேய்ந்தது. நிமிர்ந்தபோது குட்டி இல்லை. புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது.

விடிந்ததும் அது தேவாங்கிடம் போய், “உன் பெட்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டது.

தேவாங்கு பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகச் சோதித்தது. ஏதாவது பழுது இருந்துவிடக் கூடாதா என்று பாவம் அதற்கு ஏக்கம். பழுதே இல்லை.

“கெடலைம்மா. நரம்பணு செய்யறதைத்தான் செஞ்சிருக்கு. சிறுத்தையால ஆபத்தில்லைன்னு பழகிடுச்சு” என்றது தலையைத் தொங்கப்போட்டபடி.

தாய்மான் ஆற்றைக் கடந்து மந்தியிடம் போனது.

“உங்களுக்கு மட்டும் ஏன் பழகலை, அக்கா?”

“என் குட்டியையும் அந்தச் சிறுத்தைதானே தூக்கிட்டுப் போச்சு. எனக்கு எப்படிம்மா பழகும்?”

குடிக்கக் குட்டி இல்லாமல் தாய்மானின் மடியில் பால் கட்டியிருந்தது.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும், இழக்க எதுவுமே இல்லாத ஒன்றிடம் நம் உயிரின் காவலை ஒப்படைக்கக் கூடாது.