மாட்டுத் தரகரின் வெப்சைட்

சந்தைத் திடலைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரப்போகிறதாம். முப்பது வருஷமாக அங்கே மாட்டுத் தரகு பார்த்த பலவேசத்துக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போனது. பழகின ஆட்கள் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் கடை போட்டால் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் எஸ்தர் டீச்சரிடம் போய் நின்றார்.

எஸ்தருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பாள். போடக் கற்றும் கொடுப்பாள். ஆனால் கேள்வி கேட்டு முடிக்காமல் கீபோர்டில் கை வைக்கமாட்டாள்.

பலவேசத்துக்குப் பொறுமை போயிற்று.

"டீச்சரம்மா, நீங்க ஆம்பளையா இருந்தா, சந்தையில மாட்டு விலை பேசுற மாதிரி கையில துண்டைப் போட்டு, விரலைப் பிடிச்சு, உங்க கூலியைப் பேசி முடிச்சு, இந்நேரம் வேலையும் முடிஞ்சிருக்கும். வாயால பேசிப் பேசியே என் உயிர் போவுது. வெப்சைட்டைப் போடுங்க!"

"அதுல என்ன போடணும் அண்ணாச்சி?"

"மாட்டுப் படம் போடணும். பெருசா, பளிச்சுன்னு."

"விலை?"

"விலையைப் போட்டா என் பொழைப்பு என்னாவுறது? விக்கிறவன் நினைக்கிற விலை வாங்குறவனுக்குத் தெரியக் கூடாது. அவன் நினைக்கிறது இவனுக்குத் தெரியக் கூடாது. துண்டுக்கு அடியில என் விரலுக்குத்தான் ரெண்டும் தெரியும். தொழிலே அதுதானே!"

"மாட்டுக்காரங்க பேரு, ஊரு?"

"நல்லா கேட்டீங்க! ரெண்டு பேரும் நேரா சேர்ந்துக்கிட்டா, நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கவா?"

எஸ்தர் கம்ப்யூட்டரை அணைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் மாடு வாங்க வந்திருக்கேன். நீங்கதான் உங்க வெப்சைட். எதைப் போடச் சொன்னீங்களோ அதை மட்டும் பேசணும்."

"இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"இந்த மாடு என்ன விலை?"

பலவேசம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"யாரு வீட்டு மாடு?"

"அதெல்லாம் நேர்ல வந்து பேசிக்கிடலாம்."

"எங்க வரணும்?"

"சந்தைக்கு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். தகரம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வந்த ஆளு போயாச்சு அண்ணாச்சி."

சுள்ளென்று கோபம் ஏறியது அவருக்கு. மேஜையில் ஓங்கி அடித்தார்.

"சரி! எல்லாத்தையும் போட்டுத் தொலைங்க! அம்மணமா நிக்கேன். கேளுங்க இப்ப!"

"என்ன விலை?"

சொன்னார். ஒரு மாட்டின் விலையை வாய்விட்டுச் சொல்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது.

"எத்தனாவது ஈத்து?"

"ரெண்டாவது. காலையில நாலு லிட்டர் கறக்கும். லேசா உதைக்கும். அதையும் போட்டுக்கிடுங்க."

"யாரு வீட்டு மாடு?"

"கீழத்தெரு சண்முகத்தாய் வீட்டு மாடு. போன் நம்பரும் வேணுமா? எழுதிக்கிடுங்க!"

மூச்சு வாங்க நம்பரையும் ஒப்பித்தார். இதற்குமேல் என்ன கேட்டுவிடப் போகிறாள் என்று பார்த்தார்.

எஸ்தர் எதுவும் கேட்கவில்லை. எழுந்தாள். கும்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"டீச்சரம்மா! எங்க போறீங்க?"

"சண்முகத்தாய் வீட்டுக்கு. மாடு வாங்க."

"அப்ப நான்?"

எஸ்தர் நின்றாள். திரும்பிப் பார்த்த முகத்தில் கேலி இல்லை.

"அதுக்குப் பதிலை நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. வெப்சைட் ரெண்டு நாள் வேலைதான். நடுவுல நீங்க எதுக்குன்னு தெரியாம அதுல என்னத்தைப் போட?"