யானைமலை தெரிகிற வரை

தளவாய், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரமீசா அவரைவிட ரொம்ப இளையவள். ஒத்தக்கடையில் ஒரு மாடி அறையில் பழைய லென்ஸ்களைப் பழுது பார்க்கிறாள். அவளிடம்தான் அவர் தொழில் கற்றார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் கற்க வந்தது ஒரே ஒரு லென்ஸுக்காக. அது அவருடைய தம்பி சுடலையுடையது. சுடலை ஸ்டுடியோ வைத்திருந்தவன். அம்மா இறந்த அன்று அவள் முகத்தைக் கடைசியாக ஒரு படம் எடுக்கப் போனான். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் தளவாய், "படம் புடிக்கத்தான் வந்தியா?" என்று கேட்டுவிட்டார். சுடலை காமிராவை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றது.

வருஷக்கணக்கில் தளவாயின் பீரோவில் கிடந்து அந்தக் காமிராவின் லென்ஸ் திருக முடியாமல் இறுகிப் போயிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுடலை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் அதைச் சரிசெய்து தம்பி கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தளவாய் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

"பஸ் என்ஜினையே எறக்கி ஏத்துனவன், டீச்சர். இது உள்ளங்கை அகலம்," என்றார். ரமீசா தடுக்கவில்லை.

மளமளவென்று கழற்றினார். காய்ந்துபோன கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். மாட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். தெளிவு கூட்டுகிற வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. காமிராவில் பொருத்திப் பார்த்தால் சுவர் காலண்டரில் ராகுகாலம் வரை பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

ரமீசா ஜன்னலைத் திறந்தாள். "மலையப் பாருங்கண்ணே."

யானைமலை கலங்கலாக இருந்தது. எப்படித் திருகினாலும் தெளியவில்லை. கண்ணாடி கெட்டுவிட்டது என்றார் தளவாய். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை என்றாள் அவள்.

"இந்த வளையத்துல மரை நுழையுற வாய் நெறைய இருக்கு. எதுல வச்சாலும் ஏறும், நல்லாவே சுத்தும். பக்கத்துல உள்ளது தெரியும். மலை தெரியணும்னா அது கழண்ட வாய்லயே வைக்கணும். கழண்ட எடத்துல கோடு போட்டீங்களா?"

போடவில்லை. கழற்றுவதை யார் கவனிக்கிறார்கள்?

அன்று மதியம் முழுக்க ஒவ்வொரு வாயாக வைத்துப் பார்த்தார். டீ ஆறியது. என்ஜின் பெருமையும் ஆறியது. வெயில் சாய்ந்தபோதுதான் மலை தன் பாறை விளிம்போடு கண்ணில் வந்து நின்றது. வந்திருச்சு டீச்சர் என்றார்.

"இப்பக் கழட்டுங்க," என்றாள்.

அவர் அவளை முறைத்தார். ஆனாலும் கழற்றினார்.

"இன்னும் மெதுவா. மாட்டும்போது காட்டுன பொறுமைய இதுலயும் காட்டுங்க."

உள் வளையமும் வெளி வளையமும் விட்டுப் பிரிகிற அந்த நொடியில் அவர் கையை நிறுத்தச் சொன்னாள். ஊசியால் இரண்டிலும் கோடு கீறச் சொன்னாள். கோட்டோடு கோடு வைத்து அவர் மறுபடி மாட்டினார். ஒரே தடவையில் மலை வந்தது.

தளவாய் லென்ஸை மஞ்சள் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். படி வரை போனவர் நின்றார். தம்பியிடம் என்ன பேசுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை என்றார்.

"அம்மா எறந்தன்னைக்கு நடந்ததெல்லாம் இப்ப எதுக்கு, டீச்சர். பழசக் கிளறாம, சிரிச்ச முகமா இதக் குடுத்துட்டு, சாப்புட்டு வந்துரலாம்னு இருக்கேன். சேந்துக்குவோம்ல?"

ரமீசா ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னாள்.

"அப்பிடியும் ஏறும்ண்ணே. மலை தெரியாது."