கூம்பு போட்ட பூட்டு

கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு பைன் மரம் இருந்தது. அதன் உச்சிக்கிளையில் ஒரு பெண் கூம்பு பிறந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அழுத்தமோ அந்த மலையளவு.

மரம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டது. "மகரந்தத் தாது வந்து சேரலைன்னா உன்னை உதிர்த்துருவேன் தாயி. வெறுங்கூம்புக்குச் சோறு போட என்னால ஆகாது."

கூம்பு தன் செதில்களை விரித்தது. செதிலுக்கு இரண்டாக, விதையாகப் போகும் சூல்கள், போர்த்திக்கொள்ள ஒரு துணிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தன. விடிந்ததும் ஒவ்வொரு சூலின் வாயிலும் ஒரு துளி நீர் துளிர்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பூத்து நின்ற பேரிக்காய் மரம் பதறிப்போனது. "ஏண்டி அழுகுற?"

"அழுகலக்கா. தாது வந்தா ஒட்டிக்கிறதுக்கு ஈரம் வச்சிருக்கேன்."

"நல்லா வச்ச போ! இரு, என் தேனீயை அனுப்புறேன்."

தேனீ வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. "தேனும் இல்ல, வாசமும் இல்ல. இதெல்லாம் ஒரு வீடா?" என்று திரும்பிவிட்டது.

மூன்று நாள் துளி வீணாகக் காய்ந்தது. நான்காம் நாளும் கூம்பு சளைக்காமல் துளி வைத்தது. அன்றுதான் காற்று கிளம்பி, எதிர்ச்சரிவு மரங்களை உலுக்கி, மஞ்சள் புகையாகத் தாதுகளை அள்ளி வந்தது. பெரும்பாலானவை பாறையிலும் தகரக் கூரையிலும் படிந்து வீணாயின. பேரிமரம் தும்மித் தீர்த்தது. தப்பி வந்த சில தாதுகள் துளிகளில் விழுந்தன. கூம்பு அவற்றைத் துளியோடு உள்ளே இழுத்துக்கொண்டு, செதில்களை இறுக மூடியது.

உள்ளே ஒரு தாது கூனிக்குறுகியது. "சூலுக்குள்ள இருக்கிற கருமுட்டைக்கு மயிரிழை தூரந்தான். ஆனா நான் போய்ச் சேர ஒரு வருஷம் ஆகும்."

"மெதுவாப் போங்க. கதவு என் பொறுப்பு," என்றது கூம்பு.

அந்தப் பொறுமையை என்னவென்று சொல்ல! உறைபனி வந்தது, அடைமழை வந்தது. எதற்கும் கதவு அசையவில்லை.

பேரிமரம் காய்த்து ஓய்ந்து, மறுபடியும் பூத்தது. "வந்த விருந்தாளியை மூச்சுமுட்ட வச்சிட்டியாடி?" என்று சீண்டிப் பார்த்தது. கூம்பு செதில்களை இன்னும் இறுக்கிக்கொண்டது. தாது கருமுட்டையைச் சேர்ந்தது. சூல் விதையானது. கூம்பு பெருத்து, பச்சை மாறிப் பழுப்பானது.

மழை ஓய்ந்து வெயில் காய்ந்த ஒரு மதியம், செதில்கள் படபடவென்று வெடித்துத் திறந்தன. விதைகள் ஒவ்வொன்றாகக் காற்றில் ஏறிச் சுழன்று, சரிவைத் தாண்டிப் போயின. கூம்பு காலியானது.

பேரிமரத்துக்கு மனசு கேட்கவில்லை. "அடியே, ரெண்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சதை ஒரே மதியத்துல விட்டுட்டியே!"

"அதுகளுக்கு இறக்கை முளைக்கத்தானே அக்கா பூட்டியே வச்சிருந்தேன்."