பிடி சூழ்ந்த நிலம்

இதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு இன்றைக்கும் உடம்பு பதறுகிறது. கேளுங்கள்.

ஓலையில் எழுதினால்தான் மண் சொந்தம் என்றிருந்த காலம். செம்பியாற்று நாட்டை ஓர் அரசன் ஆண்டான். அவன் யாருக்காவது நிலம் கொடுத்தால், பிடியை, அதாவது பெண் யானையை, அவிழ்த்துவிடுவார்கள். பாகன் ஏவக் கூடாது. அது சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால், உள்ளே அகப்பட்டது எதுவானாலும் வாங்குகிறவருக்கே. ஓலை எழுதும் எழுத்தன் அதன் பின்னால் நடந்து நான்கு எல்லையையும் எழுதுவான். அதன்பின் அரசனாலும் மாற்ற முடியாது.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தது. சாத்தன் என்பவன் உடைப்பில் இறங்கி அடைத்தான். கரை நின்றது, அவன் மேலே வரவில்லை. அவன் மனைவி நங்கைக்கு மதகடி வயலைக் கொடுக்கச் சொன்னான் அரசன். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இனி அந்த வயல்தான் சோறு.

எழுத்தன் ஆதிச்சனுக்கு வயிறு எரிந்தது. வெகுநாளாக அந்த வயல்மேல் அவனுக்கு ஒரு கண். என்ன செய்தான் தெரியுமா, படுபாவி? யானை வருமுன் களர்நிலத்துப் பக்கமாகக் கரும்பைப் போட்டுவைத்தான். மிச்சக் கரும்புக்கட்டைத் தன் வீட்டுக் கொல்லையில் சாத்திவைத்தான்.

யானை மதகை நோக்கி நாலடி வைத்தது. ஒரு கரும்பு கிடைத்தது, திரும்பியது. இன்னொரு கரும்பு, இன்னும் திரும்பியது. மூன்றாவது கரும்பில் உப்புப் பூத்த களரோரம் போய்விட்டது.

நங்கை ஆதிச்சனிடம் ஓடினாள். "ஐயா, களர்ல என்ன விளையும்? மூணு புள்ளைங்கய்யா."

"ஏதாவது முளைக்கும், போ. யானை சுத்தினது சுத்தினதுதான்" என்றான் ஆதிச்சன்.

அரசன் முகம் சுண்டியது. ஆனால் வழக்கம் வழக்கமாயிற்றே.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. கரும்பு தீர்ந்ததும் யானை துதிக்கையைத் தூக்கி மோந்தது. நேரே ஆதிச்சன் வீட்டுப் பக்கம் நடந்தது. அவன் வீட்டைச் சுற்றியது, தோட்டத்தைச் சுற்றியது, கிணற்றைச் சுற்றியது. கொல்லையில் நின்று கட்டு முழுவதையும் தின்றது. பிறகு மதகடி வயலும் உள்ளே அகப்பட, அதன் கடைசி வரப்போடு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.



"எழுது" என்றான் அரசன்.

"அரசே, அது என் வீடு..."

"சுற்றியது சுற்றியதுதான். நீ சொன்னதுதானே?"

தன் வீட்டைத் தானே எழுதிக்கொடுத்தான் ஆதிச்சன்.

அப்போது நங்கை முன்னால் வந்தாள். "அரசே, இன்னொரு ஓலை எழுதச் சொல்லுங்க. அவர் புள்ளைங்களும் சாப்பிடணுமே. அந்தக் களரை அவருக்கே கொடுத்துடறேன். ஏதாவது முளைக்கும்னு அவர்தான் சொன்னார்."

அவள் குத்திக் காட்டவில்லை. அவன் சொன்னதை நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆதிச்சன் தலை நிமிராமல் அந்த ஓலையையும் எழுதினான்.

ஆகையால், பிள்ளைகளே, பெரியவர்களே, அடுத்தவரை ஏமாற்ற நாம் சொல்லும் நியாயம் ஒருநாள் நமக்கே தீர்ப்பாக வந்து நிற்கும்.