கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி

முட்டாள்களின் கதையைச் சொல்கிறவர்கள், அந்தக் கூட்டத்தில் தாங்கள் இல்லை என்பதுபோல் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தக் கதையில் மூன்று பேர்; மூன்றாவது ஆள் நான்.

ஈரோடு பக்கத்தில் ஒரு ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரி. நாச்சிமுத்து, சென்னியப்பன், நான் மூவரும் ஒரே விடுதி அறை. ஜெர்மனியில் ஒரு கல்லூரிக்கு ஆறு மாதம் பரிமாற்ற மாணவர்களாகப் போக எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை.

பேராசிரியர் தேவசகாயம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அங்கே வாழ்வதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்று அந்தக் கல்லூரி அனுப்பிய குறிப்புகள்.

"போன வருஷம் ஒருத்தன் இதைப் படிக்காமப் போய் நம்ம மானத்தை வாங்கிட்டு வந்தான். இதுல இருக்கறதை ஒண்ணு விடாம இங்கயே செஞ்சு பழகுங்கப்பா. மார்ச் ஒன்பதாந்தேதி பத்து மணிக்கு மெட்ராஸ் தூதரகத்துல நேர்காணல். அதைத் தவறவிட்டா இடம் மூணும் வேற காலேஜுக்குப் போயிரும்."

போனால் போகட்டும் என்று விட முடியாத நிலை சென்னியப்பனுக்கு. அவன் அப்பா அவசரப்பட்டு ஊரைக் கூட்டி, இரண்டு கிடா வெட்டி, வழியனுப்பு விருந்தே போட்டு முடித்திருந்தார். மாலை போட்டாயிற்று. அத்தைமார்கள் அழுதும் ஆயிற்று.

"ஜெர்மனி போகாம ஊருக்குப் போனா, கறி தின்னவன் ஒவ்வொருத்தனும் 'எப்பக் கெளம்பறே'ன்னு கேப்பான்டா. ஐந்நூறு பேருக்கு நான் பதில் சொல்லோணும்" என்றான்.

எனவே ஒன்று விடாமல் செய்தோம்.

முதல் குறிப்பு: தினமும் இரண்டு வேளை ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து அறைக் காற்றை மாற்ற வேண்டும். எங்கள் ஜன்னலுக்குக் கதவே கிடையாது. நாங்கள் சேருவதற்கு முன்பே கழன்று விழுந்திருந்தது.

"அதுதான் திறந்தே இருக்குதே?" என்றான் நாச்சிமுத்து.

"திறந்திருக்கறது வேற, திறக்கறது வேற. மூடினாத்தான்டா திறக்க முடியும்" என்றேன்.

பலகை வாங்கி வந்து ஜன்னலில் வைத்து ஆணி அடித்தோம். இரண்டு வேளையும் ஆணிகளைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தோம். மூன்றாம் நாள் வார்டன் வந்து சத்தம் தாங்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது பலகை ஜன்னலில் இருந்தது. மிச்சப் பிப்ரவரியை வியர்வையில் கழித்தோம்.

அடுத்தது குப்பை. காகிதம், கண்ணாடி, உணவு, பிளாஸ்டிக் என்று நான்காகப் பிரிக்க வேண்டும். நான்கு வாளி வைத்தோம். மூன்று நிறைந்தன, கண்ணாடி வாளி மட்டும் காலி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தோம். மனசு கேட்காமல் சென்னியப்பன் எங்கள் சவரக் கண்ணாடியை உடைத்துப் போட்டான். அதன்பின் மூவரும் குத்துமதிப்பாகத்தான் சவரம் செய்துகொண்டோம். விசா போட்டோவில் நாச்சிமுத்துவுக்கு மீசை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது.

கடைசிக் குறிப்பில்தான் வினை இருந்தது. உடம்பு தடுமாறாமல் இருக்க, புறப்படுவதற்கு முன்பே ஜெர்மன் கடிகாரப்படி சாப்பிட்டுத் தூங்கிப் பழகுங்கள் என்றது. அங்கே அந்த மாதங்களில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மூவரும் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம். மெஸ்ஸின் மதியச் சாம்பார் சாதம் எங்களுக்குக் காலை டிபன் ஆனது. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது மெஸ்ஸைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மார்ச் ஒன்பது. மெட்ராஸில் லாட்ஜ் அறை.

"பத்து மணின்னா எந்தப் பத்து மணி?" என்று ஆரம்பித்தவன் நானேதான்.

"மெட்ராஸ் பத்துதான்" என்றான் நாச்சிமுத்து.

"தூதரகத்துக்குள்ள நம்ம போலீஸே நெனச்சாப்ல போக முடியாது, தெரியுமா? கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி மண்ணு. அங்க எந்தக் கடிகாரம் ஓடும்?"

சென்னியப்பன் யோசித்தான். "எதுக்கும் முன்னாடியே போயிட்டா?"

"அவங்களுக்கு அப்ப மணி அஞ்சரை. நேரங்காலம் தெரியாதவனுகன்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மதியம் இரண்டரைக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், கேட் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம்.

"பன்னண்டு மணிக்கே எல்லாம் முடிஞ்சிபோச்சேப்பா" என்றார் காவலாளி.

"மணி பத்துங்ணா" என்று சென்னியப்பன் கையை நீட்டினான். நாங்களும் நீட்டினோம். மூன்று கடிகாரத்திலும் பத்து. காவலாளி தன் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஒருமுறை உதறிப் பார்த்தார்.

விஷயம் புரிந்ததும் சென்னியப்பன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். "ஐந்நூறு பேருடா" என்று மட்டும் சொன்னான். இரக்கப்பட்ட காவலாளி உள்ளே போய் வசுந்தரா என்ற அதிகாரியை அழைத்து வந்தார். அவர் கேட்டுக்கு உள்ளேயே நின்று முழுவதையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை.

"நாளைக்குப் பத்து மணி. இந்த வாட்ச்மேன் கையில பத்து. புரிஞ்சுதா? அதையும் விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மறுநாள் ஒன்பதரைக்கே ஆஜர். காவலாளி கேட்டைத் திறந்து, "போங்கப்பா" என்றார். சென்னியப்பன் அசையவில்லை.

"கேட்டைத் தாண்டினா ஜெர்மனின்னு நீதானேடா சொன்னே? விசா இல்லாம எப்படிக் காலை வெக்கறது? புடிச்சாங்கன்னா ஜென்மத்துக்கும் விசா கெடையாது."

என் வாதம் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை.

பத்து அடித்தது. உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். "யோவ், கூப்டறாங்கய்யா!" என்று காவலாளி கத்தினார்.

"சட்டத்தை மீற மாட்டமுங்ணா" என்றான் சென்னியப்பன்.

பத்தே காலுக்கு வசுந்தரா மேடம் ஃபைலோடு வெளியே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். நேர்காணல் தொடங்கியது.

"ஜெர்மனிக்கு ஏன் போறீங்க?"

"கிடா வெட்டியாச்சுங்க மேடம்" என்றான் சென்னியப்பன்.

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி பாஸ்போர்ட் வாங்கப் போனோம். இம்முறை வசுந்தரா மேடம் அழைக்காமலே கேட்டுக்கு வந்தார். "இந்தாங்க, விசா. இனிமே பயமில்லையே? வெயில்ல நிக்காம உள்ள வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வலது காலைத் தூக்கினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எதையும் முழுசாகப் படிக்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர். நான் விசாவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏப்ரல் ஒண்ணுலருந்துதான்டா செல்லும்."

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தான்.

"ஒம்பது நாள்தானுங்க மேடம்" என்றேன். "இப்பிடியே ஓரமா நின்னுக்கறோம்."