அடி போகும் இடம்

நாகர்கோவில் புறவழிச்சாலையில் மெட்டில்டா கார்ப் பட்டறை வைத்திருந்தார். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்தவர் தாணுமூர்த்தி. மெட்டில்டாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவரை ஆசான் என்றே அழைப்பார்.

ஒரு காலையில் ஒரு பெண் காரை நிறுத்திக் கதவை அறைந்து சாத்தினாள்.

"இதுல வேலை செஞ்சது யாரு?"

"நான்தான்" என்றார் தாணுமூர்த்தி.

"எங்கம்மாவுக்கு இடுப்பில ஆபரேஷன். நேத்து இதிலதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் அலறினாங்க. தையல் பிரிஞ்சு மறுபடி ஆஸ்பத்திரியில கிடக்காங்க."

தாணுமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பின்பக்கம் தாழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்பிரிங்குக்கு இடையில ரப்பர் கட்டை வச்சு இறுக்கியிருக்கேன். இனி அஞ்சு பேர் ஏறினாலும் இறங்காது. என் வேலையில என்ன குத்தம்?"

மெட்டில்டா வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் ஒழுகியிருக்கே. பாக்கலையா?"

"பாத்தேன். ஸ்பிரிங்தான் அசையாதே, பிறகு ஆட்டத்தை அடக்க அது என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

மெட்டில்டா அந்தப் பெண்ணிடம் சாவியைக் கேட்டு வாங்கினார்.

"பின்னால ஏறுங்க, அண்ணாச்சி."

குவாரிக்குப் போகும் பாதையில் வண்டியைத் திருப்பினார். முதல் பள்ளத்தில் தாணுமூர்த்தியின் தலை கூரையில் மோதியது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆசான், மெதுவா!"

மெட்டில்டா வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்த பள்ளத்தைப் பார்த்தே வண்டியை விட்டார். ஆசானிடம் இப்படியொரு கோபத்தைத் தாணுமூர்த்தி அதுவரை பார்த்ததில்லை.

குவாரி வாசலில் வண்டி நின்றது. தாணுமூர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரத்தத்தோடு எச்சிலைத் துப்பினார்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா? தப்புன்னா வாயால சொல்லக் கூடாதா?"

"ஸ்பிரிங் இறங்கிச்சா?"

"இல்லை. அதைத்தானே நானும் சொல்லுதேன்! ஒரு இம்மி இறங்கலை. அப்புறம் எதுக்கு இந்தக் கோபம்?"

மெட்டில்டா வண்டியைவிட்டு இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"சக்கரத்துல விழுந்த அடி எங்கேயாவது போய்த்தான் ஆகணும், அண்ணாச்சி. ஸ்பிரிங்கை அதை வாங்க விடாம நீங்க கட்டிப் போட்டுட்டீங்க. அந்தப் பொண்ணோட அம்மா வாங்கினாங்க."