சுக்கான் பிடித்த கை

உப்பளத்தில் கூலி கேட்டுப் போராடிச் சிறைக்குப் போன ரெஜினா, இப்போது ஓர் உல்லாசப் பாய்ப்படகின் தண்டல். தூத்துக்குடிக் கரையில் படகு ஓட்டுகிறவருக்கு அதுதான் பெயர். வேலை பறிபோன தொழிலாளர்கள் கூடி வாங்கிய படகு அது. வெள்ளை உல்லாசப் படகு வைத்திருந்த உப்பள முதலாளிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓட்டல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற கஸ்பார் அவரிடம் தொழில் கற்க வந்திருந்தார்.

அன்று ஏறியவர் கோவையில் சுற்றுலா நடத்தும் கோகிலா. அவருக்குப் பிடித்தால் சீசன் முழுக்க ஆள் வரும். பிடிக்காவிட்டால் படகு கரையில் கிடக்கும்.

கஸ்பார் மெத்தை விரித்தார். இறால் வறுவல் நீட்டினார். பாட்டுப் போட்டார்.

"அதை நிறுத்திருங்க. தலை வலிக்குதுங்க" என்றார் கோகிலா, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கஸ்பார் பின்பக்கம் சுக்கான் பிடித்திருந்த ரெஜினாவிடம் ஓடினார்.

"போச்சு அக்கா! இவங்க மனசு எதுலதான் நிறையும்?"

ரெஜினா கோகிலாவைக் கூப்பிட்டுச் சுக்கானை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க!"

"எனக்கும் மொத நாள் தெரியாது."

படகு தடுமாறியது. பாய் படபடத்தது. இறால் தட்டு கடலுக்குப் போனது.

"மேடம், எங்கிட்ட குடுங்க!" கஸ்பார் பாய்ந்தார்.

ரெஜினா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யாருவே மேடம்? சுக்கான் யார் கையிலயோ அவங்கதான் தண்டல். மரியாதையாக் கேளும்."

கஸ்பார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தண்டல்... எந்தப் பக்கம் போகணும்?"

கோகிலா நிமிர்ந்தார். காற்று கன்னத்தில் அடித்த பக்கம் பார்த்தார். சுக்கானை மெல்லத் தள்ளினார்.

பாய் நிறைந்தது. படகு சாய்ந்து சீறியது. முதலாளிகளின் வெள்ளைப் படகு பின்னால் போய்ச் சிறுத்தது.

"போகுதுங்க! நான் ஓட்டறேனுங்க!"

கரையில் இறங்கியதும் கோகிலா ஊருக்கே கேட்கச் சொன்னார்: "இந்த சீசன் எங்க ஆளுங்க எல்லாம் இந்தப் படகுலதானுங்க!"

தொழிலாளர்கள் விசிலடித்தார்கள். சிரித்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கஸ்பார் மெத்தையைச் சுருட்டினார்.

"நானும் ஒரு குறையும் வைக்கலையே, அக்கா?"

"எங்கப்பா தோணியில வைக்கோல் விரிச்சுத்தான் மூட்டைய அடுக்குவாரு, மேனேஜரே" என்றார் ரெஜினா. "ஒரு சொட்டுத் தண்ணி படாமக் கொண்டு சேர்ப்பாரு. ஒரு மூட்டையாவது சிரிச்சுக்கிட்டு இறங்கினதை நான் பார்த்ததில்ல."